ரசீதில் புதிய ஃபில்டர், வண்டியில் பழைய ஃபில்டர்

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்கள், சர்வீஸ் ரசீதில் ஏர் ஃபில்டர் (எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டுவது), கேபின் ஃபில்டர் (ஏர்கோன் காற்றை வடிகட்டுவது) என்று எழுதியிருந்தால், அவை உண்மையிலேயே மாற்றப்பட்டனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வழக்கமாகச் செல்லும் பட்டறை மூடியிருந்ததால், என் மைவி காரை எஞ்சின் எண்ணெய் மாற்ற வேறொரு பட்டறையில் விட்டேன். மாலையில் போனபோது, “ரெண்டு ஃபில்டரும் மாத்தியாச்சுண்ணே, பழசு ரொம்ப மோசம்” என்று கறுத்துப்போன ஒன்றைக் காட்டி, அதற்கென 110 வெள்ளி கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஏர்கோனில் அதே பூஞ்சை வாடை. டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், சென்ற முறை மாற்றியபோது ஃபில்டரின் ஓரச் சட்டத்தில் நான் எழுதிவைத்த தேதியோடு பழைய ஃபில்டரே உள்ளே இருந்தது. எஞ்சின் ஃபில்டரிலும் என் கையெழுத்துத்தான். எனக்குக் காட்டியது எந்தக் காரிலிருந்து வந்ததோ!

மறுநாள் கேட்டதற்கு முதலாளி, “காத்தடிச்சு ஊதிட்டோம், புதுசு மாதிரிதான்” என்றார். அது சரியல்ல. மடிப்பு மடிப்பான அந்தத் தாளில் கம்ப்ரசர் காற்றை அருகில் வைத்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழக்கூடும். அவற்றின் வழியே நுழையும் மண்துகள்கள் நாளடைவில் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் செம்மண் பாதையில் அன்றாடம் ஓட்டும் நமக்கு இது சிறிய விஷயமல்ல. கேபின் ஃபில்டரைப் பொதுவாக 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். எஞ்சின் ஃபில்டருக்குக் கார்க் கையேட்டில் இருக்கும் கணக்கு சாதாரணச் சாலைக்கானது, தூசியில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டும். புகைமூட்டக் காலத்திற்குப் பிறகு இரண்டையும் திறந்து பார்ப்பது நல்லது.

ஃபில்டர் அடைத்தால் பெட்ரோலை அள்ளிக் குடிக்கும் என்றும் அங்கே பயமுறுத்தினார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இன்றைய வண்டிகளில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றபடி கணினியே பெட்ரோலைக் குறைத்துவிடும். மேட்டில் ஏறும்போது இழுவை குறைவதுதான் உண்மையான அடையாளம்.

ஆகவே, புதிய ஃபில்டரின் உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள்; சட்டத்தில் தேதி எழுதுங்கள்; பழையதைக் கேட்டு வாங்குங்கள். சில பழைய மாடல்களில் கேபின் ஃபில்டரே பொருத்தப்பட்டிருக்காது, அதற்கும் ரசீது போடுபவர்கள் இருக்கலாம் என்பதால் உங்கள் காரில் அது உண்டா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபில்டர்களின் விலையைத் திருப்பித் தந்தார்கள், கூலியைத் தர மறுக்கிறார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் 5 வெள்ளிக் கட்டணத்தில் புகார் பதிவு செய்யலாம். ரசீதும் தேதி தெரியும் படங்களும் இருப்பதால், அங்கேயே கொண்டுபோகப் போகிறேன்.