திலேப்பியாக் குஞ்சுகளுக்கான ஹார்மோன் தீவனம்: தரம் நன்று, விற்கும் முறை சரியில்லை

திருவட்டாரை அடுத்த எங்கள் நாற்றங்கால் தொட்டிகளுக்காக, மார்த்தாண்டம் பக்கத்துக் கடையொன்றில் ஹார்மோன் கலந்த தூள் தீவனத்தை இந்தப் பருவத்தில் வாங்கினோம். குஞ்சுகளை ஆணாக்கும் வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் அதை விற்கும் விதம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

திலேப்பியாவில் ஆண் மீனே விரைந்து எடை கூடும். பெண் மீனோ சில மாதங்களிலேயே முட்டையிட்டு வாய்க்குள் வைத்து அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், இரண்டும் கலந்து விட்ட குளம் பொடிமீனால் நிறைந்து, சந்தைக்கு ஏற்ற அளவில் அதிகம் தேறாமல் போகும். இதைத் தவிர்க்கத்தான், வயிற்றிலுள்ள மஞ்சள்கருப் பை வற்றி நீந்தத் தொடங்கிய குஞ்சுகளுக்கு, ஒரு கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் என்ற அளவில் 17 ஆல்ஃபா மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் செயற்கை ஆண் ஹார்மோனை எத்தனாலில் கரைத்துக் கலந்து, உலர்த்தி, 21 முதல் 28 நாள் வரை கொடுக்கிறார்கள். இனப்பெருக்க உறுப்பு ஆண், பெண் என உருப்பெறும் முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

நாங்கள் வாங்கிய தூள் நைசாக அரைபட்டிருந்தது. ஒரு சிட்டிகை தூவியதும் நீர்ப்பரப்பில் பரவி மெல்ல இறங்க, குஞ்சுகள் மொய்த்துத் தின்றன. மீன் கையில் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்ததும் வயிற்றின் அடிப்புறத்தில் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தைத் தடவிப் பார்த்தோம். ஆணுக்கு இரண்டு துளைகளும் பெண்ணுக்கு மூன்றும் அப்போது தெளிவாகத் தெரியும். பெண் மீன் அரிதாகவே அகப்பட்டது.

குறை மூட்டையில் இருக்கிறது. தயாரித்த தேதியும் இல்லை, ஹார்மோன் அளவும் இல்லை. வெயிலும் வெப்பமும் படாமல் குளிர்ச்சியாக வைக்க வேண்டிய சரக்கு, கடையின் முன்பக்க அடுக்கில் வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் கிடக்கிறது. நம் ஊர் மழை ஈரத்தில் ஒரு பை கட்டி தட்டியும் இருந்தது. கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும், கருவுற்ற பெண்கள் தொடவே கூடாது என்ற எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. வீட்டுப் பெண்களே தீவனம் போடும் பண்ணைகள் நிறைந்த மாவட்டத்தில் இது சிறிய குறையன்று.

இதைவிட என்னை வருந்தச் செய்தது, குளத்தைக் குத்தகைக்கு எடுத்து வளர்ந்த மீன் விட்டிருப்பவர்களுக்கும் இதே பையை 'வளர்ச்சித் தீவனம்' என்று அங்கே கொடுப்பதுதான். வளர்ந்த மீன் இதனால் பால் மாறாது. மக்கள் குளிக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் பயன்படும் குளத்து நீரில் ஹார்மோன் வீணாகக் கலப்பதுதான் மிச்சம். குஞ்சுப் பருவத்தில் மட்டும் கொடுத்து நிறுத்திய மீன், விற்பனைக்கு வருவதற்குள் பல மாதங்கள் சாதாரணத் தீவனத்தில் வளர்ந்து ஹார்மோனை உடலிலிருந்து நீக்கிவிடும். பிடிக்கும் தறுவாயிலுள்ள மீனுக்குக் கொடுத்தால் அந்த அவகாசம் கிடைக்காது.

குளத்தில் வளர்க்க மட்டுமே நினைப்பவர்களுக்கு இந்தத் தீவனம் தேவையே இல்லை. மீன்வளத் துறையின் அனுமதி பெற்று, அங்கீகரிக்கப்பட்ட பொரிப்பகத்திலிருந்து முற்றிலும் ஆணான கிஃப்ட் (மரபு மேம்படுத்திய வளர்ப்பு ரகம்) திலேப்பியாக் குஞ்சுகளையே வாங்கி விடலாம். நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் வாங்குவதானால், கலந்த தேதியையும் ஹார்மோன் அளவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கேட்டதற்கு அடுத்த சரக்கிலிருந்து சீட்டு ஒட்டுவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்; அதைக் கண்ணால் பார்க்கும் வரை அங்கே மறுபடி வாங்குவதாக இல்லை.