64 பெட்டி, ஒரு 40 பக்க நோட்டு: சென்னையில இருந்து கோவைக்கு வீடு மாறி 14 மாசம் ஆச்சு

வீடு மாறின வாரமே எழுத உக்காந்திருந்தா பேக்கர்ஸ்காரங்கள திட்டறதோட முடிஞ்சிருக்கும். இப்ப 14 மாசம் ஆச்சு, கோவமெல்லாம் ஆறிப்போச்சு, எது உதவுச்சு எது தண்டச் செலவுன்னு இப்பதான் தெளிவா தெரியுது. மடிப்பாக்கத்துல ரெண்டு பெட்ரூம் வீட்ல ஒம்போது வருஷமா சேர்ந்த சாமான், அத்தனையும் கோயமுத்தூர் சாய்பாபா காலனி பக்கத்துல ஒரு மாடி போர்ஷனுக்கு போகணும். நான், வீட்டுக்காரர், அப்ப ஆறாவது போகப்போற பையன், மாமியார்.

இந்த மொத்த வேலைலயும் நான் பத்துக்கு பத்து மார்க் போடறது தெருமுனை கடைல வாங்குன ஒரு 40 பக்க நோட்டுக்குதான். ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்கும் ஒரு நம்பர், மேல ஒண்ணு பக்கவாட்டுல ரெண்டு இடத்துல தடி மார்க்கர்ல எழுதி, உள்ள என்ன இருக்குன்னு நோட்டுல எழுதுறது, அவ்ளோதான். பக்கவாட்டுல எழுத மறந்துடாதீங்க, ஏன்னா பெட்டிய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிட்டா மேல எழுதினது யாருக்கும் தெரியாது. அப்புறம் "கிச்சன்"னு பொதுவா எழுதுனா பிரயோஜனமே இல்ல, "மிக்ஸி, சின்ன ஜார், டீ வடிகட்டி, லைட்டர்"னு எழுதணும். போய் சேந்த அன்னைக்கு ராத்திரியே 3-ம் நம்பர பிரிச்சு டீ போட்டோம். எதிர்மாறா, 40 நம்பர் தாண்டினதும் எனக்கு பொறுமை போயிடுச்சு, நாலஞ்சு பெட்டிக்கு "இதர"ன்னு எழுதிட்டேன். குக்கர் வெயிட்ட தேடி தேடி புதுசா ஒண்ணு வாங்கி, பழசு நாலாவது மாசம் ஒரு "இதர" பெட்டில இட்லி குண்டானுக்குள்ள கிடைச்சுது. கட்டில் கழட்டுன ஸ்க்ரூவ ஒரு கவர்ல போட்டு கட்டில் பலகைலயே டேப் அடிச்சு ஒட்டிடுங்க, இது லோடுமேன் ஒருத்தர் சொல்லிக்குடுத்தது.

பேக்கர்ஸ் பத்தி. போன்ல 28,000 சொன்னாங்க, வந்து பாக்கவே இல்ல. காலைல பாதி சாமான் வண்டில ஏறினதுக்கு அப்புறம் "மேடம் லிஸ்ட்ல சொன்னத விட ஜாஸ்தி இருக்கு, இன்னும் 6,000 ஆகும்"னு ஒரே பிடிவாதம். நடுத்தெருவுல பீரோ நிக்கும்போது யாரால பேரம் பேச முடியும்? பரண், பால்கனி எல்லாத்தையும் சேத்து வீடியோ எடுத்து அனுப்பி அதுக்கு ரேட்ட எழுத்துல வாங்கிக்கோங்க. அடுத்து இன்சூரன்ஸ்னு சொல்லி சாமான் மதிப்புல 3 பர்சன்ட் வாங்குனாங்க, பீரோ ஒரு பக்கம் நசுங்கி வந்ததும் கேட்டா பாலிசி நம்பரே கிடையாது, அவங்க பில்லுல ஒரு வரி, அவ்ளோதான். இன்சூரன்ஸ் கம்பெனி குடுத்த பாலிசி பேப்பர் கைக்கு வரலைன்னா அந்த காச குடுக்காதீங்க. நல்லதும் சொல்லணும்ல, 14 அடி வண்டிய முழுசா எங்களுக்கே எடுத்ததால மறுநாள் மத்தியானமே சாமான் வந்துடுச்சு, கண்ணாடி டம்ளர் ஒண்ணு கூட உடையல.

தூக்கிட்டு வந்து நொந்துபோன ஒரே பொருள் ஏசி. ஸ்ப்ளிட் ஏசிய கழட்டறதுக்கு முன்னாடி கேஸ அவுட்டோர் யூனிட்டுக்குள்ள இழுத்து லாக் பண்ணணும், எங்களுக்கு வந்த பையன் அவசரத்துல அப்படியே கழட்டிட்டான், மொத்த கேஸும் புஸ்ஸுனு போச்சு. இங்க காப்பர் பைப், கேஸ், மாட்டற கூலி எல்லாம் சேத்து 7,000 கிட்ட ஆச்சு. இவ்ளோ பண்ணியும் 14 மாசத்துல ஏப்ரல், மே தவிர அத போட்டதே இல்ல. சென்னையிலயே வித்திருக்கணும். ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் வெச்சிருக்கறவங்க புதுசா வாங்கும்போது பின்னாடி இருந்து கழட்டுன ட்ரான்சிட் போல்ட்ட பத்திரமா வைங்க, அத மறுபடி மாட்டாம வண்டில ஏத்துனா உள்ள ட்ரம் ஆடி சஸ்பென்ஷன் போயிடும். எங்க போல்ட் என்னைக்கோ பழைய பேப்பர்காரர்கிட்ட போயிடுச்சு, இப்ப ஸ்பின் ஓடும்போது மெஷின் பாத்ரூம் வாசல் வரைக்கும் நடந்து வருது.

கேஸ் கனெக்ஷன் இன்னொரு கத. ஊர் விட்டு ஊர் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சா டெர்மினேஷன் வவுச்சரும், நாம அன்னைக்கு கட்டுன டெபாசிட்டும் தருவாங்க. எங்க வவுச்சர்ல ஒரு சிலிண்டருக்கு 1,450, ரெகுலேட்டருக்கு 150. 2022 ஜூன்ல டெபாசிட்ட ஏத்துனதுல இங்க சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250 கட்டினோம். ரெண்டு சிலிண்டர், ஒரு ரெகுலேட்டர் சேத்து 1,600 கைக்காசு போச்சு. அது போகட்டும், பால் காய்ச்சற அன்னைக்கு வீட்ல கேஸே இல்லங்கறத யாரும் யோசிக்கல! சாமி படம், நெறகொடம், உப்பு, துவரம்பருப்பு, மஞ்சள் எல்லாத்தையும் சேரன் எக்ஸ்பிரஸ்ல மடியில வெச்சு கொண்டு வந்தாச்சு, நான் இன்டக்ஷன் அடுப்ப எடுத்தேன், மாமியார் மொறச்சாங்க. "நெருப்பில்லாம பால் பொங்கறதா?" கீழ் வீட்டக்கா படியேறி வந்து, "ஏனுங்க, எங்கூட்டு சின்ன அடுப்பு சும்மாதான் கெடக்குதுங்க, எடுத்துட்டு வரட்டுங்களா?"ன்னாங்க. அந்த அக்காதான் இன்னைக்கு வரைக்கும் எங்களுக்கு எல்லாம்.

பேப்பர் வேலைல ஆதார், ரேஷன் கார்டு அட்ரஸ் எல்லாம் ஆன்லைன்ல முடிஞ்சுது, இழுத்தடிச்சது பையனோட இஎம்ஐஎஸ் நம்பர், அதாவது ஸ்கூல் பிள்ளைங்க விவரத்த பதியற கவர்மென்ட் சைட்ல இருக்கற நம்பர். டிசி கைல இருந்தா மட்டும் போதாது, பழைய ஸ்கூல் அந்த சைட்ல பேர ரிலீஸ் பண்ணி காமன் பூலுக்கு விட்டாதான் புது ஸ்கூல் சேத்துக்க முடியும். மூணு வாரம் தெனமும் போன் பண்ணினேன். டிசி வாங்குற அன்னைக்கே ஆபீஸ் ரூம்ல நின்னு அத பண்ண வெச்சுட்டு வாங்க. மடிப்பாக்கம் வீட்டு ஓனர் அட்வான்ஸ்ல பெயின்ட்டுன்னு ஒரு மாச வாடகைய புடிச்சுக்கிட்டாங்க, அங்க குடிபோன அன்னைக்கு செவுத்த போட்டோ எடுக்காதது எங்க தப்பு. இங்க சாவி வாங்குன உடனே செவுரு, குழாய், இபி மீட்டர் ரீடிங் எல்லாம் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்.

பழகறதுக்கு ரொம்ப நாள் எடுத்தது தண்ணி. கோயமுத்தூர்னாலே சிறுவாணின்னு நெனச்சுதான் வந்தோம், ஆனா எல்லா ஏரியாவுக்கும் அது கிடையாது, பில்லூர் தண்ணி வர்ற ஏரியாவும் இருக்கு. எங்களுக்கு அதிர்ஷ்டம், சிறுவாணிதான், சாதத்தோட ருசியே வேற. ஆனா தெனமும் வராது, எங்க தெருவுக்கு நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவ, நல்ல தண்ணி தொட்டி தனி, உப்புத் தண்ணி தொட்டி தனி. மொத மாசம் எது எந்த குழாய்னு தெரியாம நல்ல தண்ணில துணி துவைச்சுட்டேன், கீழக்கா பதறிட்டாங்க. அப்புறம் காத்து. பாலக்காட்டு கணவாய் வழியா ஜூன், ஜூலைல அடிக்கிற காத்துல கதவெல்லாம் டமார் டமார்னு சாத்துது, வந்த மொத வாரமே ஆறு டோர் ஸ்டாப்பர் வாங்கினேன். சென்னைல இப்படி ஒரு செலவு இருக்குன்னே எனக்கு தெரியாது.

மூணு மாசத்துல 64 பெட்டில 53 பிரிச்சாச்சு. மிச்சம் பதினொண்ண ஆறாவது மாசம் வரைக்கும் யாரும் தேடவே இல்ல, அதுல பத்த பிரிச்சு பாதிக்கு மேல குடுத்துட்டோம். பிரிக்காமயே அங்கேயே குடுத்திருந்தா லாரில எடமும் மிச்சம், அந்த 6,000மும் வந்திருக்காதோ என்னவோ. நோட்டு இப்ப வேற வேலைக்கு வந்துடுச்சு, பின்பக்கத்துல பிளம்பர் நம்பர், கேஸ் புக் பண்ணின தேதி, தண்ணி விட்ட நாள்.

52-ம் நம்பர் மட்டும் இன்னும் பரண் மேல இருக்கு. போன வாரம் வீட்டுக்காரர் ஏணி போட்டார், நான்தான் வேணாம்னுட்டேன். நோட்டுல அதுக்கு நேரா "இதர"ன்னு இருக்கு, என் கையெழுத்துதான்.