ஃபிலமெண்ட் எரியுதுன்னு நம்பி பழைய வால்வு வாங்காதீங்க

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வால்வில் (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஒரு டெஸ்லா காயில், அதாவது உயர் வோல்ட்டில் மின்பொறி பறக்கவிடும் கருவி, கட்ட வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. போன மாதம் ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் 833ஏ என்ற பெரிய வால்வு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். உரித்த தேங்காய் பருமனில் கண்ணாடிக் குமிழ். பார்த்ததுமே மனசு விழுந்துவிட்டது.

"வானொலி நிலையத்துல கழிச்ச சரக்கு தம்பி" என்றார் கடைக்காரர். கார் பேட்டரியிலிருந்து இரண்டு கிளிப்பை மாட்டினார். ஃபிலமெண்ட் (சூடாகி எலக்ட்ரானை வெளிவிடும் கம்பி) வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தது. "உயிரு இருக்கு, பாத்தியளா?" 8,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பழைய சாமானுக்குப் பில் கிடையாதாம்.

அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும். ஃபிலமெண்ட் எரிந்தால் கம்பி அறுந்துபோகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே வெற்றிடம் இருக்கிறதா, எலக்ட்ரான் போதுமான அளவு வருகிறதா என்று அதில் தெரியாது. வானொலி நிலையத்தில் வால்வைக் கழிப்பதே பெரும்பாலும் அது வலுவிழந்த பிறகுதான். அதோடு 833ஏ ஃபிலமெண்டுக்கு வேண்டியது 10 வோல்ட், 10 ஆம்பியர். கூடக் குறைய 5 சதவீதம் போகலாம், அவ்வளவுதான். கார் பேட்டரியில் பன்னிரண்டுக்கு மேல் வரும். தோரியம் கலந்த டங்ஸ்டன் கம்பி அது. சூடு கூடினால் தோரியம் சீக்கிரம் தீர்ந்துபோகும். வருகிறவருக்கெல்லாம் இப்படி எரியவிட்டுக் காட்டினால் நல்ல வால்வும் கெட்டுத்தான் போகும்.

வீட்டில் ஃபிலமெண்டுக்குச் சரியாக 10 வோல்ட் கொடுத்தேன். பிளேட்டுக்கு (எலக்ட்ரானை இழுக்கும் தகடு) மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்ஃபார்மர், சுமார் 2,000 வோல்ட். அதன் பிரைமரியில் (கரண்ட் உள்ளே போகும் சுருள்), கரண்ட் அளவு மீறாமல் தடுக்க, 100 வாட் குண்டு பல்பை சீரியலாகப் போட்டிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. வால்வுக்குள் பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் (ஃபிலமெண்டைச் சுற்றியுள்ள கம்பி வலை) நடுவே ஊதா நிறத்தில் மூட்டமாக ஒளி நிரம்பியது. உள்ளே காற்று இறங்கியிருக்கிறது. (கண்ணாடிச் சுவரில் மட்டும் நீலம் தெரிந்தால் பயமில்லை, நல்ல வால்விலும் வரும்.) அந்த சீரியல் பல்பு மட்டும் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரும் போயிருக்கும். ஃபிலமெண்டை எரிக்காமலே முதலில் உயர் வோல்ட் கொடுத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கழற்றும்போது கண்ணாடியில் இருந்த எழுத்து என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. யாரோ புதிதாக முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

திரும்பக் கொண்டுபோனேன். "நீங்க வோல்ட்ட கூட்டிக் கொடுத்திருப்பிய" என்று கை விரித்துவிட்டார். பணம் போனதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. அந்தக் கடையிலேயே மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரும் கொடுக்கிறார், "வீட்டு ட்ரிப்பர் காப்பாத்திரும்" என்று சொல்லி. காப்பாற்றாது. அந்த ட்ரிப்பர், அதாவது ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்), பிரைமரி பக்கத்தைத்தான் பார்க்கும். உயர் வோல்ட் வெளிவரும் செகண்டரியில் கை பட்டால் அதற்குத் தெரியவே தெரியாது. அந்த 2,000 வோல்ட் ஒரே தொடலில் ஆளைக் கொல்லும். அதோடு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமிக்கும் பாகம்) சேர்த்திருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் நிற்கும்.

நான் வெளியே வரும்போது இரண்டு கல்லூரிப் பையன்கள் உள்ளே நின்றார்கள். பேட்டரி கிளிப் மறுபடி மேசைக்கு வந்திருந்தது. அவர்களை வாசலுக்குக் கூப்பிட்டு என் வால்வைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். ஒருவன் வால்வை வாங்கி எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். இருவரும் வாங்காமலே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.