‘37 எரர்’ என்று பயமுறுத்தி ஃபார்மட் அடித்துவிட்டார்கள்: பழைய எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கும்பகோணம் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இதெல்லாம்தான் பிழைப்பு. கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று நெட்டுக்கு. இன்னொன்று விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய பெட்டி. 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் கைவிட்ட எக்ஸ்பியை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்பீர்கள். பத்திரிகை டிசைன் செய்யும் என்னுடைய பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரும், பழைய தமிழ் ஃபாண்டுகளும், பத்திரிகை டிசைன்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. இருந்தன என்று எழுதும்போதே வயிறு எரிகிறது.

ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குத் தெரியும், வருகிற பென் டிரைவில் பாதி நோயோடுதான் வரும். பார்க்க மஞ்சள் ஃபோல்டர் மாதிரியே இருக்கும், பெயரும் ‘நியூ ஃபோல்டர்’ என்றே இருக்கும், திறந்தால் அது ஃபோல்டரே இல்லை, புரோகிராம். அவசரத்தில் டபுள் கிளிக் செய்துவிட்டால் அன்றைக்கு விதி. அப்படி எப்போதோ ஏதாவது ஏறியிருக்கும் என்று நினைத்து, ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாமல் கை சும்மா இருந்ததால், ஸ்பைவேரை, அதாவது நமக்குத் தெரியாமல் உளவு பார்க்கும் புரோகிராம்களைத் தேடும் இலவச ஸ்கேனர் ஒன்றைப் போட்டு ஓட்டினேன். இரண்டரை மணி நேரம் ஓடியது. முடிவில் ஒரு பெட்டி வந்தது: கண்டுபிடித்தவை 2, எரர் 37.

அந்த 2 என் கண்ணில் படவே இல்லை. 37-ஐத்தான் பார்த்தேன். ‘திறக்க முடியவில்லை’, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வரிசையாக ஓடியது. நல்லவேளையாக மொபைலில் படம் எடுத்து வைத்தேன்.

மறுநாள் வழக்கமாக டோனர் வாங்கும் சர்வீஸ் கடைக்குப் போன் செய்தேன். பெயர் போடவில்லை, சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை. ஒரு பையன் வந்தான். லிஸ்ட்டை மேலிருந்து கீழே உருட்டிவிட்டு, “அக்கா, ஸ்பைவேர் சிஸ்டம் ஃபைல் எல்லாத்தையும் பிடிச்சிருக்கு. ஓப்பனே பண்ண விடமாட்டேங்குது பாருங்க. விட்டா ஹார்ட் டிஸ்க்கே போயிடும்” என்றான். “சரிப்பா, என்ன செய்யணுமோ செய்” என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

அவனிடம் ஒரு பூட் பென் டிரைவ் இருந்தது. அதைப் போட்டு, ஹார்ட் டிஸ்கில் இருக்கும் விண்டோஸ் ஓடாமலே மெஷினை வேறு வழியாகக் கிளப்பினான். என் கண் முன்னாலேயே, என் மொபைல் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எரர் வந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தேடி டெலீட் செய்தான். “இப்ப எப்படிப் போவுது பாத்தீங்களா?” என்று சிரித்தான். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. சிஸ்டம் என்ற ஃபைல் காணவில்லை அல்லது கெட்டுவிட்டது, அதனால் விண்டோஸ் கிளம்பாது என்று வெள்ளை எழுத்தில் நாலு வரி. “நான் சொன்னேன்ல, சிஸ்டம் ஃபைல் கரப்ட். கடைக்கு எடுத்துட்டுப் போறேங்க்கா, ஃபார்மட்தான். துடைச்சுட்டு விண்டோஸைப் புதுசா ஏத்தணும்.”

“டேட்டா?”

“அது டி டிரைவ்லதானே இருக்கும்? சேஃப்.”

டி டிரைவில் இருந்தது என் மகனின் பழைய பாட்டுகள். வேலை முழுவதும் மை டாகுமெண்ட்ஸிலும் டெஸ்க்டாப்பிலும் இருந்தது. அது இரண்டும், விண்டோஸ் இருக்கிற, ஃபார்மட்டில் அழிகிற சி டிரைவுக்குள்தான் அடங்கும் என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து சிபியு வந்தது. ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு: ஃபார்மட் 600, வைரஸ் கிளீனிங் 1,200, ஆன்டிவைரஸ் ஒரு வருடத்துக்கு 950, ஹார்ட் டிஸ்க் செக்கிங் 450. மொத்தம் 3,200. ஃபார்மட் அடித்த டிஸ்கில் தனியாக எதைக் கிளீன் செய்தார்கள் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த ‘ஒரு வருட’ ஆன்டிவைரஸ் முப்பதாவது நாள் காலாவதி என்று காட்டியது, டிரையல் வெர்ஷன்.

பென் டிரைவில் ஒதுங்கிக் கிடந்த ஒரே ஒரு பத்திரிகை ஃபைலைத் திறந்து பார்த்தேன். ‘திருமணம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள். ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டில் அடித்தவர்களுக்கு இது புரியும். ஃபாண்ட் இல்லையென்றால் மெய்யெழுத்துப் புள்ளி வரும் இடமெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். பக்கம் முழுக்க அரைப்புள்ளி. ஃபாண்ட் ஃபோல்டரும் சி டிரைவோடு போயிருந்தது.

கோயம்புத்தூரில் சர்வர் வேலை பார்க்கும் என் அக்கா மகன் விநாயகர் சதுர்த்திக்கு வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. மொபைலில் இருந்த லிஸ்ட்டைப் படித்துவிட்டு, “சித்தி, இதுல ஒண்ணுகூட வைரஸ் இல்ல” என்றான்.

அவன் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சில ஃபைல்களைத் தன் கையிலேயே பிடித்து வைத்திருக்கும், வேறு எந்தப் புரோகிராமும் தொட முடியாது. ரேம் போதாதபோது ஹார்ட் டிஸ்கில் இடம் கடன் வாங்குகிற பேஜ்ஃபைல் அதில் ஒன்று. சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் டிஃபால்ட், சாம், செக்யூரிட்டி, சாஃப்ட்வேர், சிஸ்டம் என்று ஐந்து ஃபைல் உண்டு. விண்டோஸ் தன் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரி என்கிறார்களே, அது இவைதான். ஒவ்வொன்றுக்கும் கூடவே ஒரு லாக் ஃபைல். யூசர் ஃபோல்டரில் என்டியூசர் என்ற ஃபைலும் அந்த வகைதான். ஸ்கேனர் கதவைத் தட்டியது, ‘உள்ளே ஆள் இருக்கு’ என்று பதில் வந்தது, அதை எரர் என்று எழுதி வைத்தது, அவ்வளவுதான். இப்படி 23. மீதி 14, காலேஜ் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல்கள். பாஸ்வேர்டு தெரியாமல் ஸ்கேனர் எப்படித் திறக்கும்?

அந்தப் பையன் வேறு வழியாக மெஷினைக் கிளப்பியதால் பூட்டு விலகிவிட்டது. ரெஜிஸ்ட்ரியை அவனே அழித்தான். அதனால்தான் அந்தக் கறுப்புத் திரை. கெடுத்தவனே கெட்டுப்போச்சு என்று காட்டி ஃபார்மட்டுக்குக் காசு வாங்கியிருக்கிறான். தெரியாமல் செய்தானா, தெரிந்தே செய்தானா என்று அக்கா மகனுக்கே சந்தேகம். எனக்கு அந்தச் சந்தேகம் 1,200 ரூபாய் கிளீனிங் சார்ஜைப் பார்த்ததும் போய்விட்டது.

நம்பாமல், புது விண்டோஸில் அதே ஸ்கேனரை என் முன்னால் ஓட்டச் சொன்னேன். எரர் 24. புதிதாக ஏறிய ஆன்டிவைரஸின் லாக் ஃபைல் ஒன்று கூடியிருந்தது.

சரி, அந்த உண்மையான 2 என்ன? அவை சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற மறைவான ஃபோல்டரில் இருந்திருக்கின்றன. மெஷினைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரிஸ்டோருக்காக விண்டோஸ் எடுத்து வைக்கும் பழைய நகல்கள் அங்கேதான் இருக்கும். என்றைக்கோ அழித்த வைரஸின் நகலும் அதில் தங்கிவிடும். அந்த ரிஸ்டோர் பாயிண்டுக்குத் திரும்பிப் போகாதவரை அது பாட்டுக்குக் கிடக்கும். போக்க வேண்டுமானால், எக்ஸ்பியில் மை கம்ப்யூட்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் சிஸ்டம் ரிஸ்டோரை அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி போட்டால் பழைய நகல் எல்லாம் போய்விடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் மெஷின் ஒழுங்காக ஓடும்போது மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். ஏனென்றால் அழிந்த ரெஜிஸ்ட்ரியின் நகலும் அதே ஃபோல்டரில்தான் இருக்கும். ஃபார்மட் அடிக்காமல் அதிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் என் மெஷின் பழையபடி கிளம்பியிருக்கும் என்றான். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

என்னைத் திட்டுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2002-ல் டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தபோது ஒரு மெயில் சுற்றியது. உங்கள் கம்ப்யூட்டரில் கரடிப் பொம்மைப் படம் போட்ட ஃபைல் இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள் என்று. தேடினேன், இருந்தது, அழித்தேன், பத்துப் பேருக்கு மெயிலும் அனுப்பினேன். அது விண்டோஸோடு வரும் ஜாவா சமாச்சாரம், வைரஸே இல்லை. அன்றைக்கு ஒன்றும் குடிமுழுகவில்லை. படித்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள்: 2010 ஏப்ரல் 21 அன்று ஆன்டிவைரஸ் கம்பெனியான மெக்காஃபி விட்ட ஓர் அப்டேட், எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் என்ற சொந்த ஃபைலையே வைரஸ் என்று பிடித்து, உலகம் பூராவும் மெஷின்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. ஸ்கேனர் சொன்னது என்பதாலேயே சிஸ்டம் ஃபைலில் கை வைக்கக் கூடாது.

உங்கள் கடையிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், யாரையும் கூப்பிடும் முன் மை டாகுமெண்ட்ஸ், டெஸ்க்டாப், விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் மூன்றையும் வெளியே காப்பி எடுங்கள். வருகிறவர் ‘சிஸ்டம் ஃபைல் போச்சு’ என்றால் எந்த ஃபைல், அது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பூட்டிய ஃபைலையும் சோதித்தே ஆக வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு நல்ல மெஷினில் மாட்டி ஸ்கேன் செய்யலாம், அங்கே அவை திறக்கும். அழிக்கத் தேவையில்லை. அப்புறம், எக்ஸ்பி பெட்டிக்கு நெட் கொடுக்காதீர்கள். நான் கொடுக்கவில்லை, அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருக்கிறேன்.

கடைக்குப் போன் செய்து கேட்டேன். “அந்தப் பையன் இப்ப எங்ககிட்ட இல்லீங்க்கா” என்றார் முதலாளி. பணம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அக்கா மகன் டிஸ்க்கில் அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற புரோகிராமைப் போட்டு ஒரு ராத்திரி முழுக்க ஓட்டினான். ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள் திரும்ப வந்தன, ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். பேஜ்மேக்கர் ஃபைல் எதுவும் உருப்படியாக வரவில்லை. தினமும் மதியம் கூட்டம் குறைந்ததும் ஒரு நூறு படத்தைத் திறந்து பார்த்துப் பெயர் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஆயிரத்து நானூறு. பழைய பேஜ்மேக்கர் பத்திரிகை பார்டர்களும் பாமினி காலத்துத் தமிழ் ஃபாண்டுகளும் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பென் டிரைவோடு நானே வருகிறேன். ஸ்கேன் செய்துவிட்டுத்தான் கொண்டு வருவேன்.