வந்தாறுமூலையா ஒலுவிலா? எதை முதல்ல போடுறது

இலங்கையில கம்பஸ் போறதுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஃபோம் நிரப்பக்குள்ள நிறையப் பிள்ளையள் இதத்தான் கேக்குறீங்க.

பாடம்:
கிழக்குப் பல்கலை (வந்தாறுமூலை) – விவசாயம், மருத்துவம், பாட்டு நடனமெண்டா கல்லடி விபுலானந்தா நிறுவகம்.
தென்கிழக்குப் பல்கலை (ஒலுவில்) – இன்ஜினியரிங், இஸ்லாமியக் கற்கை, அரபு. சயன்ஸ் மட்டும் சம்மாந்துறையில.

ஊரோட தொடர்பு, எனக்கு இதுதான் பெரிசு:
வந்தாறுமூலை 1981ல கல்லூரியா தொடங்கி 1986ல பல்கலைக்கழகமாகினது, சுத்திவர வயலும் கிட்டவே வாவியும் இருக்கிறதால விவசாய ஆராய்ச்சிக்குத் தூரம் போகத் தேவையில்ல, மெடிக்கல் பிள்ளையளும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில எங்கட சனத்தப் பாத்துத்தான் தொழில் பழகுறாங்க.
ஒலுவில் 1995ல யுத்தத்துக்குள்ள தொடங்கினது, ஒரு பக்கம் கடல், மற்றப்பக்கம் நெல்லு.

செலவு:
ரெண்டும் அரச கம்பஸ், போர்டிங்கும் பஸ்ஸும்தான் காசு.

விவசாயம், நடனமெண்டா வந்தாறுமூலைப் பக்கம் போடுங்க. இன்ஜினியரிங் எண்டா ஒலுவில்தான், யோசிக்காதீங்க தங்கச்சி.