நடைபாதையா, வரத்துக் கால்வாயா?

ஏரிக்கென்று ஊரில் வசூலான பணத்தை எதில் போடுவது என்று போன வருஷம் எங்களுக்குள் பெரிய இழுபறி. கரையைச் சுற்றி நடைபாதை, விளக்கு, கல் பதிப்பு என்று ஒரு கட்சி. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயைத் தூர்வாரி, அதில் விழும் சாக்கடையை நிறுத்தலாம் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி, அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

நடைபாதை அழகுதான், ஆக்கிரமிப்பும் ஓரளவு நிற்கும். ஆனால் ஓரம் முழுக்கக் கல் பதித்துவிட்டால் கொக்கும் நாரையும் இரை தேடுகிற முழங்கால் ஆழத் தண்ணீர் போய்விடும்.

அதைவிடப் பெரிய விஷயம் பராமரிப்பு. பக்கத்து ஊர் நடைபாதையில் இரண்டாம் வருஷமே பாதி விளக்கு எரியவில்லை, கல் பெயர்ந்த இடத்தில் சீமைக்கருவேலம் முளைத்துவிட்டது, கரண்டு பில்லை யார் கட்டுவது என்ற பஞ்சாயத்து இன்னும் ஓடுகிறது. கால்வாய்க்கு அந்தத் தலைவலி இல்லை. புரட்டாசியில், மழை பிடிப்பதற்குள், ஜேசிபியை இரண்டு நாள் விட்டால் அந்த வருஷத்து வேலை முடிந்தது.

எங்கள் ஏரிக்குத் தண்ணீர் பாலாற்றின் குறுக்கே உள்ள வாலாஜா அணைக்கட்டிலிருந்து, வெள்ளைக்காரன் 1858-ல் கட்டியது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோதும் ஏரி நிரம்பிக் கோடி போகவில்லை. காரணம் போன வருஷம் கால்வாய் ரோட்டுக்கு அடியில் போகிற குழாயைக் குடைந்தபோதுதான் தெரிந்தது: தெர்மாகோல், டயபர், எல்லாவற்றுக்கும் பின்னால் குறுக்கே ஒரு பஞ்சு மெத்தை. ஊறிப்போன அதை இழுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

சாக்கடை விஷயத்தில் பாதி வெற்றிதான். உறிஞ்சுகுழிக்குச் சில வீடுகள் ஒத்துக்கொண்டன, மற்றவர்கள் குழாய் இன்னும் கால்வாயில்தான் இருக்கிறது. ஆகாயத்தாமரை குறைந்த மாதிரி தெரிகிறது, ஆனால் நான் பார்த்தது ஒரே ஒரு மழைக்காலம்.

இன்னொன்று, எங்கள் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு வருவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தோல் கெடாமல் இருக்கப் போடுகிற உப்பு, அதை ஊறவைக்கிற தண்ணீரில் கரைந்து வருகிறது, அதை எந்த ஜேசிபியாலும் அள்ள முடியாது, தொழிற்சாலைக்குள்ளேயே பிடித்தால்தான் உண்டு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் வேலூர் தோல் கழிவு வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியிலும் அதையே சொல்ல வேண்டிவந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசூலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. விளக்குக் கட்சி மறுபடி கிளம்பியிருக்கிறது, நான் ரோட்டடிக் குழாய் வாயில் கம்பி வலை போடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.