மூன்று துறையில் எழுதுபவருக்கு ஒரே பெயரா, மூன்று புனைபெயர்களா?

அறிவியல் புனைகதை, வரலாறு, விளையாட்டு மூன்றையும் எழுதுகிறவர் முதல் புத்தகத்துக்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். நான் ஒரே பெயரின் பக்கம்.

புனைபெயருக்கான நியாயம் தெரிந்ததுதான்: விண்வெளி நாவலை ரசித்தவர் அடுத்ததாகக் கால்பந்துப் புத்தகத்தை எதிர்பார்ப்பதில்லை. இணையக் கடையில் இன்னொரு சிக்கல். விளையாட்டு வாசகர்கள் அபிமானத்தில் நாவலை முதல் வாரமே வாங்கிவிட்டால், 'இதை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்' வரிசையில் கிரிக்கெட் புத்தகங்கள் வந்து உட்காரும். பிறகு கடை அந்த நாவலைத் தவறான ஆட்களுக்கே காட்டிக்கொண்டிருக்கும்.

ஆனாலும் எனக்குப் பராமரிப்புதான் பெரிது. ஆண்டுக்கு ஒரு புத்தகம் என்றால், மூன்று பெயரில் ஒவ்வொன்றுக்கும் 3 ஆண்டுக்கு ஒன்றுதான் வரும். அதற்குள் வாசகர் மறந்துவிடுவார். மூன்று ஆசிரியர் பக்கங்கள், மூன்று அறிமுகக் குறிப்புகள், மூன்று மின்னஞ்சல் பட்டியல்கள். ஏதாவது ஒன்று கட்டாயம் தூங்கிப்போகும். விளையாட்டுப் பெயர்தான் முதலில் அடிவாங்கும். சாதனைப் பட்டியல் ஒரே பருவத்தில் பழசாகிவிடுவதால் திருத்திய பதிப்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வரலாற்று நூல் மெதுவாக, ஆனால் நெடுநாள் விற்கும்; ஒரே பெயரில் இருந்தால் மற்ற இரண்டுக்கும் அது வாசகரைக் கொண்டுவரும்.

ஒரே பெயர் குழப்பாமலிருக்க, மின்னஞ்சல் பட்டியலில் சேரும்போதே எந்தத் துறை பிடிக்கும் என்று கேட்டுப் பிரித்து வையுங்கள். புதுப் புத்தக அறிவிப்பு முதல் இரண்டு வாரம் அந்தத் துறையினருக்கு மட்டும் போகட்டும். அட்டையில் துறைக்கொரு எழுத்துரு, துறைக்கொரு நிறம். கடைசிப் பக்கத்தில் அதே துறை நூல்கள் முதலில், மற்றவை தனித் தலைப்பில். மின்னூலில் இது நன்றாகவே வேலை செய்கிறது. அச்சுக் கடைகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நடுவழியும் உண்டு. ஸ்காட்லாந்து நாவலாசிரியர் இயன் பேங்க்ஸ் 1987 முதல் அறிவியல் புனைகதைக்கு மட்டும் பெயர் நடுவே 'எம்.' சேர்த்துக்கொண்டார். அலமாரியில் இடம் மாறாது, வாசகருக்கும் அடையாளம் கிடைக்கும். இரண்டு துறைக்குச் சரி. மூன்றாவதுக்கு இன்னோர் எழுத்தைச் சேர்த்தால் யாருக்கும் நினைவிருக்காது.

ரகசியப் புனைபெயர் என்றால் பதிப்புரிமையையும் பாருங்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு உடன்படிக்கையான பெர்ன் உடன்படிக்கையின் குறைந்தபட்சக் கணக்கு, ஆள் யாரென்று தெரியாத நூலுக்கு வெளியீட்டிலிருந்து 50 ஆண்டுகள். தெரிந்தால் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும். பதிப்பாளருடன் போடும் ஒப்பந்தத்தில் சட்டப் பெயர் இருந்தே ஆக வேண்டும்.

சிறுவர்களுக்கு விளையாட்டு நூலும் பெரியவர்களுக்கு வன்முறை மிகுந்த நாவலும் எழுதுகிறவருக்கு மட்டும் இரண்டு பெயர் அவசியம்.